உங்கள் ஸ்கேன் எந்த குரூப்பில் இருக்கிறது?

மாமியாருக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் ஆறாமல் இரண்டு மாதமாகப் படுத்துகிறது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறீர்கள். அவர் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். புருவத்தைச் சுருக்குகிறார். "பாட்டி, காலைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து செல்போனை எடுத்து ஒரு 'க்ளிக்'!

"எதுக்கு டாக்டர் போட்டோ?"

"ஒண்ணுமில்லம்மா... மதுரையில எங்க சார் ஒருத்தர் இருக்கார். இந்த மாதிரி புண்ணுக்கெல்லாம் அவர்தான் கிங். ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு..."

பத்தே நிமிஷத்தில் பதில் வருகிறது. மருந்து மாறுகிறது. மதுரைக்கு பஸ் ஏறாமலே பெரிய டாக்டரின் யோசனை கிடைத்துவிட்டது என்று நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புகிறீர்கள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்தப் படம் மதுரை சாருக்கு மட்டும் போனதா? அல்லது, மதுரை சாரும் இன்னும் இருநூற்று முப்பது பேரும் இருக்கிற ஒரு குரூப்புக்குப் போனதா?

பெரும்பாலான நோயாளிகள் இதைக் கேட்பதே இல்லை. கேட்கலாம் என்றுகூட நமக்குத் தோன்றுவதில்லை. டாக்டர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை ஒரு பக்கம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் மறு பக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் ஒருவரை ஒருவர் கலந்து பேசுவது தப்பே இல்லை. பேசாமல் இருந்தால்தான் தப்பு! வாட்ஸ்அப் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, பெரிய ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாள் எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து சிக்கலான கேஸ்களை அலசுவார்கள். புற்றுநோய்க்கு ஆபரேஷனா, கதிர்வீச்சா, மருந்தா என்பதை ஒரே டாக்டர் முடிவு செய்யாமல் நாலைந்து பேர் சேர்ந்து முடிவு செய்வது இன்றைக்கும் நடக்கிறது. அந்த அறைக்கு நான்கு சுவர் உண்டு, ஒரு கதவு உண்டு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் பொன். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யை உடனே பெரிய ஆஸ்பத்திரி இதய நிபுணருக்கு அனுப்பி, அவர் சொல்படி சிகிச்சையை ஆரம்பிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வின் முடிவு 2017ல் வெளியானது. ஏற்பாட்டுக்கு முன்னால், மாரடைப்பு வந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். ஏற்பாட்டுக்குப் பிறகு அது 14.2 சதவீதமாகக் குறைந்தது. நூறு பேரில் மூன்று குடும்பம் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இங்கே இ.சி.ஜி. போன வழியைக் கவனியுங்கள். சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து, அந்த நோயாளிக்குச் சிகிச்சை தரப்போகிற பெரிய ஆஸ்பத்திரிக்கு. வேறு எங்கும் அலையவில்லை.

குரூப் என்றால் ஒரே குரூப் இல்லை!

ஒரு டாக்டரின் செல்போனைத் திறந்து பார்த்தால் (பார்க்கக் கூடாது, சும்மா ஒரு பேச்சுக்கு) எத்தனை குரூப் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வார்டு குரூப் ஒன்று: அதில் டியூட்டி டாக்டர், நர்ஸ், பி.ஜி. மாணவர்கள். ஐ.சி.யூ. குரூப் தனி. லேப் ரிப்போர்ட் வந்து விழுகிற குரூப் தனி. இவை எல்லாம் வேலைக்கான குரூப்புகள். உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்கள்தான் பெரும்பாலும் உள்ளே இருப்பார்கள்.

அடுத்தது, கூடப் படித்தவர்களின் 'பேட்ச்' குரூப். இங்கேதான் விஷயம் கொஞ்சம் கலகலப்பாகிறது. காலை வணக்கம், பேரன் பிறந்த நாள், கிரிக்கெட் ஸ்கோர், நடுவில் திடீரென்று ஒரு எக்ஸ்ரே! "இது என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று ஒரு புதிர். அந்தக் குரூப்பில் இருப்பவர்களில் ஒருவர் லண்டனில் இருப்பார். ஒருவர் டாக்டர் தொழிலையே விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் பார்ப்பார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் யாருமே உங்கள் டாக்டர் இல்லை.

மூன்றாவது, ஒரு துறையைச் சேர்ந்தவர்கள் மாநில அளவிலோ தேசிய அளவிலோ வைத்திருக்கும் பெரிய குரூப். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆயிரம் பேரில் யார் யார் இருக்கிறார்கள் என்று குரூப்பை ஆரம்பித்தவருக்கே நினைவு இருக்காது. மருந்துக் கம்பெனி ஆள் இருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கும் டாக்டர் இருக்கலாம். உங்கள் நாத்தனாரின் கணவர்கூட இருக்கலாம்! "டாக்டர்கள் மட்டுமே உள்ள குரூப், வெளியே போகாது" என்று போடுபவர் நம்புகிறார். அது ஒரு கல்யாண மண்டபம் என்பதை மறந்துவிடுகிறார். கதவில் 'டாக்டர்கள் மட்டும்' என்று எழுதியிருக்கிறது, சரி. வாசலில் நின்று சரிபார்க்க யாரும் இல்லை.

ஸ்காட்லாந்தில் நடந்தது இது. லானார்க்‌ஷயர் என்ற பகுதியின் அரசு சுகாதாரத் துறையில் 26 ஊழியர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். கொரோனா காலம். 2020 ஏப்ரலிலிருந்து 2022 ஏப்ரல் வரை இரண்டு வருஷம், ஐந்நூறு தடவைக்கும் மேல் நோயாளிகளின் பெயர், போன் நம்பர், முகவரி என்று அதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். படங்கள், வீடியோக்கள், நோய் விவரம் உள்ள ஸ்கிரீன் ஷாட்டுகள்கூட. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வேலை சுலபமாக நடக்கட்டும் என்றுதான். கடைசியில் என்ன ஆயிற்று? ஊழியரே அல்லாத ஒருவரைத் தவறுதலாக அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்! விஷயம் வெளியே வந்தது. 2023ல் பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் அந்தச் சுகாதாரத் துறையைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

ஒரு நம்பர் மாற்றி அழுத்தியதுதான் என்று சொல்லிவிடலாம். அந்த ஐந்நூறு தடவையில் ஒரு தடவை உங்கள் பெயராக இருந்தால் அப்படிச் சொல்வீர்களா?

பூட்டு எங்கே இருக்கிறது?

"வாட்ஸ்அப்தான் ரொம்ப பத்திரமாச்சே, நடுவுல யாரும் படிக்க முடியாதுன்னு அவங்களே போட்டிருக்காங்களே?" என்று கேட்கிறீர்களா?

சரியான கேள்வி. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் பூட்டப்பட்டுத்தான் போகிறது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் இந்தப் பூட்டு பாதையில் இருக்கும் பூட்டு. தபால்காரர் கவரைப் பிரிக்க மாட்டார், அவ்வளவுதான். கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதை மேஜை மேல் திறந்து போட்டு வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்?

இருநூறு பேர் உள்ள குரூப்பில் ஒரு படம் விழுந்தால், அது இருநூறு செல்போன்களுக்குப் போகிறது. பல போன்களில் அது தானாகவே இறங்கி, குடும்பப் போட்டோக்கள் இருக்கும் கேலரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருப்பதி மொட்டைக்கும் கொடைக்கானல் டூருக்கும் நடுவில் யாரோ ஒருவரின் அறுத்த மார்பு! டாக்டரின் பத்து வயதுப் பையன் கேம் விளையாட அப்பா போனை வாங்குகிறான். போன் ரிப்பேருக்குப் போகிறது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் போனில் உள்ளதெல்லாம் இணையக் கிடங்கிலும் ஒரு பிரதி சேமித்து வைக்கிறார்கள். அந்தப் பிரதியையும் பூட்டி வைக்கும் வசதி 2021ல் வந்தது என்றாலும், அதை நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போதாததற்கு, குரூப்பை விட்டு ஒருவர் விலகினாலும் அதுவரை வந்ததெல்லாம் அவர் போனில் அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் போனவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். கேலரியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இன்னொன்று. குரூப்பில் ஆள் சேர்க்க ஒரு 'லிங்க்' அனுப்புவார்கள், அதைத் தொட்டால் உள்ளே போய்விடலாம். 2020 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்துச் சொன்னார்: இப்படிப்பட்ட லிங்க்குகள் ஏராளமாக கூகுள் தேடலிலேயே கிடைக்கின்றன என்று! யாரோ ஒருவர் அந்த லிங்க்கைப் பொது இடத்தில் போட்டிருப்பார். கூகுள் அதைப் பொறுக்கிக்கொண்டது. தேடத் தெரிந்த யாரும் முன்பின் தெரியாத குரூப்புக்குள் நுழைந்து உறுப்பினர்களின் போன் நம்பர்களைப் பார்க்க முடிந்தது. அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனாலும் லிங்க் என்பது சாவி மாதிரி. எத்தனை பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று சாவிக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

பேரை மறைத்தால் போதுமா?

"எங்க டாக்டர் பேரை மறைச்சுட்டுத்தான் போடுவார்" என்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பேர் என்பது ஆளை அடையாளம் காட்டும் பல விஷயங்களில் ஒன்று மட்டுமே.

அமெரிக்காவில் 1990களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, முகவரி இல்லை. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீட்டு எண் மட்டும் இருந்தன. யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்று மாநில கவர்னரே நம்பினார். லட்டானியா ஸ்வீனி என்ற மாணவி என்ன செய்தார் தெரியுமா? கவர்னர் குடியிருந்த ஊரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கவர்னரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் ஊரில் ஆறே பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். யாருடைய மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டுமா? சாட்சாத் கவர்னருடையதைத்தான்!

நமக்கு வாக்காளர் பட்டியல்கூடத் தேவையில்லை. 'வயது 34, பள்ளி ஆசிரியை, மூன்றாவது முறை கருச்சிதைவு, கணவர் வெளிநாட்டில்' என்று ஒரு சின்ன ஊர் டாக்டர் மாவட்டக் குரூப்பில் எழுதினால் போதாதா? அதே ஊரில் இருக்கும் இன்னொரு டாக்டருக்கு, அவர் வீட்டம்மாவுக்கு, அது யார் என்று கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆகாது. பெருநகரத்தில் மறைந்துபோகும் விவரம் சின்ன ஊரில் முகவரி ஆகிவிடுகிறது.

படங்களும் இப்படித்தான். எக்ஸ்ரே ஃபிலிமின் மூலையில் பெயர், வயது, தேதி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அவசரத்தில் அதை வெட்ட மறந்துவிடுவார்கள். கையில் பச்சை குத்தியிருக்கும். கழுத்தில் தாலி இருக்கும். பின்னால் கட்டிலில் போர்டு தொங்கும். முகமே இல்லாத தலை ஸ்கேன் என்றால் பயமில்லை என்று நினைத்தால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 84 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்த ஸ்கேனிலிருந்தே கம்ப்யூட்டரில் முகத்தை உருவாக்கி, முகம் கண்டுபிடிக்கும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 83 சதவீதம் பேரை அது சரியாகச் சொல்லிவிட்டது! 2019ல் வந்த ஆய்வு இது. ஒரு டாக்டர் செல்போனில் அனுப்பும் ஒற்றை ஃபிலிம் படத்திலிருந்து முகத்தை வரைய முடியாது, முழு ஸ்கேன் தகவலும் வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் முழு ஸ்கேனையே லிங்க்காக அனுப்புகிற ஸ்கேன் சென்டர்கள் பெருகிவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் டாக்டர்களின் நடத்தைக்கு 2002ல் மெடிக்கல் கவுன்சில் போட்ட விதிகள்தான் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகள் கொண்டுவந்தது. சமூக வலைத்தளங்களில் டாக்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனிப் பகுதியே அதில் இருந்தது. அதே மாதம் அந்த விதிகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகவே பழையதுதான் கைகொடுக்கிறது. பழையது என்றாலும் பலவீனமானது இல்லை. சிகிச்சையின்போது தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கிறது. விலக்குகள் மூன்றே மூன்று: நீதிபதி உத்தரவிட்டால் கோர்ட்டில் சொல்லலாம், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்துக்கோ பெரிய ஆபத்து இருந்தால் சொல்லலாம், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்றால் சொல்லலாம். காசநோய் 2012லிருந்து அப்படிப்பட்ட நோய். ஆனால் அரசுக்குத் தெரிவிப்பது வேறு, பேட்ச் குரூப்புக்குத் தெரிவிப்பது வேறு! அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் அனுமதி இல்லாமல் மருத்துவப் பத்திரிகையில்கூடப் போடக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

ஒரு ரகசியம் வெளியே வந்தால் வாழ்க்கை எப்படிப் புரளும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு உண்டு. வழக்கில் அவர் பெயர் 'மிஸ்டர் எக்ஸ்'. அவரே ஒரு டாக்டர்! 1995ல் சென்னையில் ஒரு நோயாளியின் ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதித்ததில் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்தத் தகவல் வெளியே போனது. நிச்சயமான கல்யாணம் நின்றது. ஊரார் ஒதுக்கியதால் சொந்த ஊரையே விட்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டார். 1998ல் தீர்ப்பு. டாக்டருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு, ஆனால் கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்பதால் இங்கே அது மீறப்பட்டதாகக் கொள்ள முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கல்யாண உரிமையே நிறுத்தி வைக்கப்படும் என்ற மாதிரி அந்தத் தீர்ப்பில் சொன்ன கருத்துகளை 2002ல் நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் உறைப்பது வேறு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டிய விஷயம். ஊருக்கே ஏன் தெரிந்தது?

அதன் பிறகு வந்த சட்டங்கள் நோயாளியின் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கின்றன. தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மனநலச் சிகிச்சை பெறுகிறவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாலும் ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரத்தையோ வெளியிடும் டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறை கிடைக்கலாம். இது 2021ல் சேர்த்த திருத்தம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2017 ஹெச்.ஐ.வி. சட்டத்தில் உள்ள ஒரு வரி. நோயாளியின் சம்மதம் இல்லாமலே ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அவருடைய நிலையைச் சொல்லலாமாம். ஆனால், அந்த இன்னொருவர் அதே நோயாளியின் சிகிச்சையில் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு அது தேவையாகவும் இருக்க வேண்டும். ஹெச்.ஐ.வி.க்கு மட்டும் அல்ல, சர்க்கரைப் புண்ணுக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்களேன். மதுரை சார்? சரி. பேட்ச் குரூப்? உங்களைக் கேட்டுவிட்டுத்தான்!

எப்படிக் கேட்பது?

சண்டை போடுகிற மாதிரிக் கேட்க வேண்டாம். போனை எடுத்ததுமே, "டாக்டர், இதை யாருக்கு அனுப்பப் போறீங்க?" என்று இயல்பாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் சொல்லிவிடுவார். "குரூப்ல போடறதா இருந்தா பேரு, முகம் தெரியாம போடுங்க டாக்டர். பதில் வந்ததும் எடுத்துடுங்க" என்று சொல்வதில் ஒரு மரியாதைக் குறைவும் கிடையாது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த உங்கள் படம் வேண்டும் என்று கேட்டால் 'சரி' என்றும் சொல்லலாம், 'வேண்டாம்' என்றும் சொல்லலாம். வேண்டாம் என்று சொன்னதற்காகச் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. மாமியார் சார்பில் நீங்களே தலையாட்டிவிடாதீர்கள். படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கால் அவருடையது!

மார்பு, பிறப்புறுப்பு போன்ற இடங்களைப் படம் எடுப்பதாக இருந்தால் காரணம் கேட்கத் தயங்கவே கூடாது. கூட ஒரு பெண் நர்ஸோ உங்கள் வீட்டுப் பெண்ணோ இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியோடு ஒருவர் கட்டிலில் கிடக்கும்போது, "இ.சி.ஜி.யை யாருக்கு அனுப்பறீங்க?" என்று வாதாடாதீர்கள். பாம்புக் கடி, விபத்து, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முதலில் உயிர். மற்றதைக் கண் விழித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் படம் எங்கேயோ சுற்றுகிறது என்று தெரிந்தால், அழித்துவிடச் சொல்லி ஆத்திரத்தில் கத்துவதற்கு முன், யார் அனுப்பியது, எந்த நம்பரிலிருந்து, எந்தத் தேதி என்று தெரியும்படி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் புகார். பதில் இல்லையென்றால் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளில் இருக்கிறது. புகார் எழுதும்போது கை கொடுக்கும்.

இதைப் படிக்கிற டாக்டர்களுக்கும் ஒரு சேதி. வாட்ஸ்அப்பே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வந்த நம் நாட்டுத் தொலைமருத்துவ வழிகாட்டியே அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. டாக்டர் இன்னொரு டாக்டரிடம் யோசனை கேட்பதும் அதில் அடக்கம். இங்கிலாந்தின் அரசு சுகாதாரத் துறை 2018ல் தன் டாக்டர்களுக்குச் சொன்னது ரொம்பச் சுலபம்: தேவையான அளவு விவரம் மட்டும் அனுப்புங்கள், போனை மற்றவர் கையில் கொடுக்காதீர்கள், பூட்டிய திரையில் செய்தி தெரியாமல் நிறுத்தி வையுங்கள், கிடைத்த யோசனையை நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுச் செய்தியை அழித்துவிடுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதுவது முக்கியம். மதுரை சார் சொன்ன மருந்து நாளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அடுத்த டியூட்டி டாக்டருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா?

சரி, டாக்டர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே... நம் கதை என்ன?

கொழுந்தனார் பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரிப்போர்ட் கைக்கு வந்த ஐந்தாவது நிமிஷம் அது 'நம்ம குடும்பம்' குரூப்பில் இருக்கிறது. "எல்லாரும் வேண்டிக்குங்க" என்று கீழே ஒரு வரி. அதில் அறுபத்திரண்டு பேர். மூன்று பேர் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? டாக்டருக்காவது மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு எந்த கவுன்சில்?

வேண்டுதலுக்கு ரிப்போர்ட் தேவையில்லை. "பொண்ணுக்கு உடம்பு சரியில்லை, வேண்டிக்குங்க" என்றால் போதும். யோசனை வேண்டுமென்றால், சொந்தத்தில் டாக்டராக இருக்கும் அந்த ஒருவருக்கு மட்டும், பெண்ணைக் கேட்டுவிட்டு, தனியாக அனுப்புங்கள். ஒரு முறை பார்த்ததும் மறைந்துவிடுகிற மாதிரிப் படம் அனுப்பும் வசதி 2021லிருந்து வாட்ஸ்அப்பில் இருக்கிறது. படத்துக்குக் கீழே '1' என்று வட்டத்துக்குள் இருக்கிறதே, அதைத் தொட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

ஏற்கெனவே போட்டாயிற்றா? இரண்டு நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், படத்தை அழுத்திப் பிடித்து 'எல்லோருக்கும் அழி' என்பதைத் தொடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் உங்கள் போனிலிருந்து மட்டும்தான் போகும். அப்போது இருக்கிற ஒரே வழி, வரிசையாகப் போன் போடுவது. "மாமா, அந்த ரிப்போர்ட்டைக் கேலரியிலிருந்தும் எடுத்துடுங்க. அத்தை போன்லயும் பாருங்க..."